யார் கழுத்தில் மணி?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டீமில் பத்துப் பேர். பத்துப் பேரும் நேரத்துக்கு வருகிறார்கள். கொடுத்த வேலையைச் சொன்ன தேதிக்குள் முடிக்கிறார்கள். வாடிக்கையாளர் பாராட்டி மெயில் அனுப்பிவிட்டார். இந்தப் பத்துப் பேரில் மோசமானவர்கள் எத்தனை பேர்?

‘யாரும் இல்லையே’ என்று பதில் சொன்னால் நீங்கள் நல்ல மனிதர். ஆனால் மேனேஜர் வேலைக்கு லாயக்கில்லாதவர். சரியான விடை: ஒருவர்.

எப்படி என்று கேட்கக் கூடாது. பத்துக்கு ஒருவர் மோசமாக இருந்தே தீரவேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டது. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பது மட்டும்தான் மேனேஜரின் வேலை. கிடைக்காவிட்டால் உண்டாக்க வேண்டும். இதற்குப் பெயர் அப்ரைஸல். தமிழில் பணித்திறன் மதிப்பீடு.

ஐ.டி. கம்பெனியிலோ, வங்கியிலோ, இன்ஷூரன்ஸிலோ, கார் தொழிற்சாலை அலுவலகத்திலோ வேலை பார்க்கிறவரானால் இது உங்களுக்குத் தெரிந்த கதை. பார்க்காதவரானால் உங்கள் மகனோ, மகளோ, மருமகனோ பார்ப்பார்கள். வருஷத்தில் ஒரு மாதம் அவர்கள் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார்கள், ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்றால் வீட்டில் ஏதோ பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். ரேட்டிங் வந்திருக்கும்.

இந்தப் பத்துக்கு ஒருவர் சாஸ்திரத்துக்கு ‘பெல் கர்வ்’ என்று பெயர். மணி வடிவ வளைவு. பத்தாயிரம் பேரின் உயரத்தை அளந்து வரைபடமாகப் போட்டால் மிகக் குள்ளமானவர்கள் கொஞ்சம், மிக உயரமானவர்கள் கொஞ்சம், நடுவே பெருங்கூட்டம் என்று கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு உருவம் வரும். கணிதத்தில் இது உண்மை. மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தாயிரம் பேருக்குப் பொருந்துவது பத்துப் பேருக்குப் பொருந்தாது என்பதும் அதே கணிதம்தான். தெருவில் போகிறவர்களில் பத்துப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து இழுத்து வந்து வேலை கொடுத்திருந்தாலாவது ஏதோ ஒரு நியாயம் இருக்கும். எழுத்துத் தேர்வு வைத்து, குழு விவாதம் வைத்து, மூன்று சுற்று இன்டர்வியூ வைத்து, ‘சிறந்தவர்களை மட்டுமே எடுக்கிறோம்’ என்று விளம்பரமும் செய்து எடுத்தவர்கள் இவர்கள். எடுத்த பிறகு அதில் பத்தில் ஒருவர் தண்டம் என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, உங்கள் இன்டர்வியூ பொய். இல்லையென்றால் உங்கள் அப்ரைஸல் பொய்.

2011 ஏப்ரல் 2. மும்பை வான்கடே மைதானம். தோனி சிக்ஸர் அடித்து உலகக் கோப்பையை வாங்கித் தந்த ராத்திரி. அந்தப் பதினொரு பேரையும் ஒரு ஹெச்.ஆர். அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘வாழ்த்துகள். கோப்பை கையில் இருப்பது சந்தோஷம். ஆனால் இந்த டீமில் இரண்டு பேர் எக்ஸலன்ட், எட்டுப் பேர் சராசரி, ஒருவர் மோசம் என்று ஃபார்மில் போட்டாக வேண்டும். யாரை மோசம் என்று போடலாம், கேப்டன்?’

சிரிப்பு வருகிறதல்லவா? ஒவ்வொரு வருஷமும் உங்கள் ஆபீஸில் நடக்கிறபோது ஏன் சிரிப்பு வருவதில்லை?

*

அப்ரைஸல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு படிவம் வரும். உங்களைப் பற்றி நீங்களே எழுத வேண்டும். வருஷ ஆரம்பத்தில் ஒப்புக்கொண்ட இலக்குகள் என்னென்ன, எதை எந்த அளவுக்கு முடித்தீர்கள், உங்களுக்கு நீங்களே ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள். அடக்கமாகப் பிறந்து வளர்ந்தவர் மூன்று போடுவார். விவரம் தெரிந்தவர் ஐந்து போடுவார். அடக்கம் அமரருள் உய்க்குமோ என்னவோ, இன்க்ரிமென்ட்டில் நிச்சயம் உய்க்காது.

பிறகு மேனேஜர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். ‘நல்லா பண்ணியிருக்கீங்க’ என்பார். அது உண்மையாகவே அவர் மனதில் இருப்பதுதான். அதன்பிறகு அவர் ஒரு மூடிய அறைக்குப் போவார். அங்கே அவரைப் போலப் பத்து மேனேஜர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு ‘நார்மலைஸேஷன்’ என்று நாகரிகமான பெயர். சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குப் புரியும்: துண்டுக்குள் கையை விட்டு மாட்டு விலை பேசுகிற அதே வியாபாரம். ‘என் ஆளுக்கு நாலு கொடு, உன் ஆளுக்கு நாலு விட்டுத்தர்றேன்.’ ‘உன் டீம்ல கீழே யாருமே இல்லையே, ஒருத்தரைக் கொடு.’

யாரைக் கொடுப்பார்கள்? பிரசவ விடுப்பில் ஆறு மாதம் இல்லாதவரைக் கொடுப்பார்கள். மூன்று மாதம் முன்பு டீமில் சேர்ந்தவரைக் கொடுப்பார்கள். எப்படியும் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று வதந்தி உள்ளவரைக் கொடுப்பார்கள். வாய் திறக்காதவரைக் கொடுப்பார்கள். போன வருஷம் நல்ல ரேட்டிங் வாங்கியவரையும் கொடுப்பார்கள். ‘போன தடவை வாங்கிட்டார்ல, இந்தத் தடவை விட்டுக்கொடுக்கட்டும்.’ மொய்க் கணக்கு மாதிரி.

அறையை விட்டு வெளியே வரும் மேனேஜருக்கு இப்போது ஒரு புது வேலை. முடிவு கையில் இருக்கிறது. காரணம்தான் இல்லை. அதை ஜோடிக்க வேண்டும். அப்போது பிறக்கிற வாசகங்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

‘இன்னும் கொஞ்சம் ப்ரோஆக்டிவா இருக்கணும்.’

‘உங்க விஸிபிலிட்டி போதாது.’

‘நல்லாத்தான் பண்றீங்க. ஆனா அடுத்த லெவலுக்கு இது பத்தாது.’

இவற்றில் ஒன்றைக்கூட மறுக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். ‘நீ போன மார்ச்சில் அனுப்பிய ரிப்போர்ட்டில் இந்த மூன்று கணக்கு தப்பு’ என்றால் நீங்கள் பதில் சொல்லலாம். தப்பு என்றால் திருந்தலாம். ‘விஸிபிலிட்டி போதாது’ என்றால்? நாளைக்கு ஒரு சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

இத்தனை நாடகமும் எதற்காக? சம்பள உயர்வுக்கு என்று மேலே ஒரு தொகை ஒதுக்கிவிட்டார்கள். அது எல்லோருக்கும் கேட்டபடி கொடுக்கப் போதாது. கம்பெனி என்றால் பட்ஜெட் இருக்கத்தான் செய்யும். ‘இந்த வருஷம் லாபம் குறைவு, எல்லோருக்கும் கொஞ்சம்தான் தர முடியும்’ என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருப்போம். நம் அப்பாக்கள் தீபாவளிக்கு அப்படித்தான் சொன்னார்கள். ‘இந்தத் தடவை காசு அவ்வளவுதான்டா.’ நாமும் பருத்திச் சட்டையோடு பட்டாசு வெடித்தோம். ‘உன் தகுதிக்கு இந்தச் சட்டை போதும்’ என்று எந்த அப்பாவும் சொன்னதில்லை.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். ‘பணம் இவ்வளவுதான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ இவ்வளவுதான்’ என்று சொல்கிறார்கள். கம்பெனியின் கஜானாப் பிரச்னையை ஒரு மனிதனின் தகுதிப் பிரச்னையாக மாற்றி, அவன் தலையில் கட்டி, அதை ராத்திரி முழுக்க அவன் யோசிக்கும்படி வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

*

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல். பாடி சுந்தரம் கிளேட்டன் கம்பெனிக்கு 1998-ல் டெமிங் பரிசு கிடைத்தது. தரத்துக்காக ஜப்பான் கொடுக்கிற மிகப் பெரிய விருது. அதை வாங்கிய முதல் இந்தியக் கம்பெனி அதுதான். 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

யார் இந்த டெமிங்? எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குத் தரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். அந்த நன்றிக்காகத்தான் 1951-ல் அவர் பெயரில் பரிசு. அதே டெமிங் 1980-களில் அமெரிக்கக் கம்பெனிகளைப் பிடித்த கொடிய நோய்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் ஒன்று, ஊழியர்களுக்கு வருஷா வருஷம் தகுதி மதிப்பெண் போடுவது. அவர் பெயரில் உள்ள பரிசை மாலை போட்டு வரவேற்ற ஊரில், அவர் நோய் என்று சொன்னதைப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடம் கட்டி வளர்க்கிறோம்.

டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழி உள்ள ஒரு கரண்டி. பார்வையாளர்களிலிருந்து ஆறு பேரை அழைத்து ‘தொழிலாளர்’ ஆக்குவார். கரண்டியைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணிதான் நல்ல சரக்கு, சிவப்பு வந்தால் குறை. ஐந்தில் ஒன்று சிவப்பு என்பதால் ஐம்பது குழியில் சராசரியாகப் பத்து சிவப்பு வரும். ஒருவருக்கு ஆறு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு வரும்.

டெமிங் கண்டிப்பான முதலாளியாக நடிப்பார். ஆறு வந்தவருக்குக் கைதட்டல், சம்பள உயர்வு. பதினான்கு வந்தவருக்கு எல்லார் முன்னாலும் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கினவருக்குப் பன்னிரண்டு வரும். ‘தலைக்கனம் ஏறிடுச்சு!’ திட்டு வாங்கினவருக்கு எட்டு வரும். ‘பாருங்க, கண்டிச்சதும் திருந்திட்டார்!’ சில சுற்று முடிந்ததும் கடைசி மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, ‘சிறந்த’ மூன்று பேரை வைத்து இரட்டை ஷிஃப்ட் ஓட்டுவார். அப்போதும் அதே சிவப்பு, அதே எண்ணிக்கை. கடைசியில் ஃபாக்டரியை மூடிவிடுவார்.

ஆறு பேர் கையிலும் எந்தத் தப்பும் இல்லை. சிவப்பு மணி பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை நிரப்பியவர் முதலாளி.

உங்கள் ஆபீஸில் பெட்டி எது? எந்த ப்ராஜெக்ட்டில் உங்களைப் போட்டார்கள் என்பது. அந்த வாடிக்கையாளர் மாதம் ஒரு தடவை மனசை மாற்றிக்கொள்கிறவரா என்பது. மூன்று மாத வேலைக்கு ஆறு வாரம்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்த விற்பனைப் பிரிவு. பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேர். இதில் எதையுமே தீர்மானிக்காதவர் கரண்டியைப் பிடித்திருக்கும் நீங்கள். ஆனால் சிவப்பு வந்தால் உங்கள் பெயரில் எழுதுவார்கள்.

*

இந்த முறையை உலகப் புகழ் பெறச் செய்தவர் ஜாக் வெல்ச். 1981 முதல் 2001 வரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை ஆண்டவர். மேல் 20 சதவிகிதத்துக்குப் பரிசு, நடு 70-க்குப் பயிற்சி, கீழ் 10-க்கு வாசல். அவர் ஒரு பெரிய வெற்றி, அதனால் அவர் செய்ததெல்லாம் வெற்றியின் ரகசியம் என்று உலகமே காப்பியடித்தது.

காப்பியடித்தவர்கள் கதி என்ன ஆயிற்று? என்ரான் இதை ஆசையோடு கடைப்பிடித்தது. மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்நிலையத்தால் நம் பேப்பர்களில் அடிபட்ட அதே என்ரான்தான். ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு மேலே ஏறுகிற ஆபீஸில், கணக்கில் தில்லுமுல்லு என்று கைதூக்கிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 2001 டிசம்பரில் கம்பெனி திவால். ஃபோர்டு கம்பெனி இதைக் கொண்டுவந்த வேகத்தில், வயதானவர்களைக் குறிவைக்கிறார்கள் என்று ஊழியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-லேயே ஃபோர்டு பின்வாங்கியது. மைக்ரோஸாஃப்ட் பல வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு 2013 நவம்பரில் தூக்கிப் போட்டது. அடோபி 2012-லேயே வருடாந்திர அப்ரைஸலை விட்டது. ஆக்ஸெஞ்சர் 2015-ல் அறிவித்தது. இன்ஃபோஸிஸ் அதே சமயத்தில் பெல் கர்வைக் கைவிட்டது. கடைசியில் ஜெனரல் எலெக்ட்ரிக்கே பழைய ரேட்டிங்கை விட்டுவிட்டது.

‘அப்புறம் என்ன, பிரச்னை தீர்ந்துவிட்டதே’ என்கிறீர்களா? உங்கள் பக்கத்து வீட்டில் ஐ.டி.யில் இருக்கும் பிள்ளையைக் கேளுங்கள். பல இடங்களில் பெயர்தான் போயிருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் இல்லை, பதிலாக ஏதோ ஒரு இங்கிலீஷ் வார்த்தை. மூடிய அறை அப்படியே இருக்கிறது. ஒதுக்கிய பணமும் அப்படியே இருக்கிறது. வளைவை ஊழியருக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

*

‘சரி சார், மேனேஜர் நேர்மையானவராக, அனுபவசாலியாக இருந்தால் சரியாகத்தானே மதிப்பிடுவார்?’

கெட்ட மேனேஜர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. நல்லவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். 2000-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு 4,492 மேலாளர்களுக்குப் பலர் கொடுத்த மதிப்பெண்களைப் பிரித்து ஆராய்ந்தது. மதிப்பெண்ணில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல், மதிப்பெண் வாங்கியவரைப் பொறுத்ததாக இல்லை. போட்டவரைப் பொறுத்ததாக இருந்தது. அதாவது உங்கள் ரேட்டிங் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் பாஸைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. கை தாராளமானவர் எல்லோருக்கும் தாராளம். கணக்கு வாத்தியார் ரகம் எல்லோருக்கும் கஞ்சம்.

இன்னொன்று. 1996-ல் க்ளூகர், டெனிஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருவருடைய வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிவுகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது! பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்புகிறபோது பலன் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். சமையலில் உப்பு தூக்கல் என்றால் அடுத்த தடவை குறையும். ‘உனக்குச் சமைக்கவே வராது’ என்றால் அடுத்த தடவை தட்டுதான் பறக்கும். நம் வீட்டுப் பெண்கள் எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்த உண்மை இது.

கருத்தே சொல்லக் கூடாது என்று நான் வாதாடவில்லை. நேர் எதிர். தினமும் சொல்லுங்கள். டெய்லர் கடையில் மாஸ்டர் எப்படிச் சொல்கிறார்? பையன் தையல் போடும்போதே ‘இங்கே இழுக்குது பாரு, பிரி’ என்கிறார். பிரிக்கிறான், மறுபடி தைக்கிறான், கற்றுக்கொள்கிறான். ‘போன ஆடியில் நீ தைத்த ஜாக்கெட்டில் கை சரியில்லை, அதனால் உனக்கு ஐந்துக்கு இரண்டு’ என்று எந்த மாஸ்டரும் சொல்வதில்லை. சொன்னால் கடை நடக்காது.

*

இப்போது உங்கள் ஆட்சேபணைக்கு வருகிறேன். ‘அப்படியானால் வேலை செய்கிறவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே கூலியா? ஒரு சோம்பேறி உட்கார்ந்து ஓ.பி. அடிப்பான், நான் ராத்திரி பத்து மணி வரைக்கும் உழைப்பேன், ரெண்டு பேருக்கும் சமமா?’

நியாயமான கேள்வி. சோம்பேறிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். திருந்தாவிட்டால் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அதற்கு மார்ச் வரை காத்திருப்பானேன்? ஜூனில் வேலை செய்யாதவனை ஜூனிலேயே கூப்பிட்டுக் கேட்பதற்கு எந்தப் படிவம் தடுக்கிறது? கேட்கத் துணிவில்லாத மேனேஜர்தான் ஒன்பது மாதம் சும்மா இருந்துவிட்டு மார்ச்சில் நம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். தவிர, ஒரு டீமில் சோம்பேறி மூன்று பேர் இருந்தால்? பெல் கர்வ் ஒருவரைத்தான் பிடிக்கும், இரண்டு பேர் தப்பிப்பார்கள். சோம்பேறியே இல்லாத டீமில்? உழைப்பாளி ஒருவர் சோம்பேறி என்று முத்திரை குத்தப்படுவார். சோம்பேறியைப் பிடிக்கவும் துப்பில்லாத வலை இது.

‘தனியார் கம்பெனி, அவன் பணம், அவன் இஷ்டம்’ என்பது அடுத்த வாதம். பணம் அவனுடையதுதான். ஆனால் ‘வேலைத்திறன் இல்லாதவர்’ என்ற முத்திரை என்னுடைய பெயர் மீது விழுகிறது. அதைக் காட்டி வேலையை விட்டு அனுப்புகிறார்கள். 2014 கடைசியில் டி.சி.எஸ். நிறுவனம் அனுபவமுள்ள பல ஊழியர்களை அனுப்பியபோது சொன்ன காரணம் வேலைத்திறன். சென்னையில் ஒரு பெண் ஊழியர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு நிறுவனமே அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோர்ட் வாசல்வரை போனவருக்கு நியாயம் கிடைத்தது. போகாமல், ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொண்டு நின்றவர்களுக்கு?

அரசு ஊழியர்களைப் பற்றி நாம் நிறையக் கிண்டல் செய்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அரசாங்கத்திலும் ‘ரகசிய அறிக்கை’ என்று ஒன்று இருந்தது. அதிகாரி உங்களைப் பற்றி என்ன எழுதினார் என்று உங்களுக்கே தெரியாது. தேவ் தத் என்ற எல்லைச் சாலைப் பொறியாளர் பதவி உயர்வுக்கு வந்தபோது, ஐந்து வருஷமும் ‘மிக நன்று’ வேண்டும் என்றார்கள். அவருக்கு 1993-94-ல் மட்டும் ‘நன்று’. அவருடைய ஜூனியர்கள் மேலே போனார்கள். அந்த ‘நன்று’ அவருக்குக் காட்டப்படவே இல்லை. அவர் விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வழக்கு நடந்தது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியரிடம் காட்ட வேண்டும், ஆட்சேபணை சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். 2009-ல் மத்திய அரசு விதியையே மாற்றியது. முழு அறிக்கையும் கைக்கு வரும். பதினைந்து நாளுக்குள் மறுப்பு எழுதலாம்.

ஒரு ‘நன்று’ என்ற வார்த்தைக்காக ஒரு மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போய் லட்சக்கணக்கானவர்களுக்கு உரிமை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பு தனியார் ஆபீஸுக்கு வராது. எனவே நாம்தான் கேட்க வேண்டும். பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். நான்கே கோரிக்கை.

ஒன்று: மேனேஜர் முதலில் போட்ட மதிப்பெண்ணும், மூடிய அறைக்குப் பிறகு வந்த மதிப்பெண்ணும் இரண்டுமே எனக்குத் தெரிய வேண்டும். மாறியிருந்தால் ஏன் என்று எழுத்தில் வேண்டும்.

இரண்டு: குறை என்று எழுதினால் தேதியும் வேலையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். ‘விஸிபிலிட்டி’ செல்லாது.

மூன்று: நான் எழுதும் மறுப்பு அதே ஃபைலில் சேர வேண்டும். அதை அந்த மேனேஜர் அல்லாத ஒருவர் படித்துப் பதில் தர வேண்டும்.

நான்கு: சம்பளப் பேச்சு தனி, வேலையைப் பற்றிய பேச்சு தனி. இரண்டையும் ஒரே நாளில் பேசாதீர்கள். பட்ஜெட் இல்லையென்றால் பட்ஜெட் இல்லை என்று சொல்லுங்கள்.

இதில் எந்தக் கோரிக்கைக்கும் கம்பெனிக்குப் பத்துப் பைசா கூடச் செலவாகாது. கொஞ்சம் வெட்கம்தான் செலவாகும். தனியாகக் கேட்டால் ‘இவர் பிரச்னை பண்ற ஆள்’ என்பார்கள். சேர்ந்து கேளுங்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை ஏதும் இல்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. நம் ஆட்களுக்குச் சங்கம் என்றாலே அது யாரோ காக்கிச் சட்டைக்காரர்கள் சமாச்சாரம். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை ஒரு நாளில் பறிபோகிறபோதுதான் அந்தக் காக்கிச் சட்டையின் அருமை தெரிகிறது.

*

கடைசியாக, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை.

நேற்று ராத்திரி போன் வழியாகச் சாப்பாடு வரவழைத்தீர்கள். மழை. ஹோட்டலில் தாமதம். உங்கள் தெருவில் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். நனைந்துகொண்டு ஒரு பையன் இருபது நிமிஷம் லேட்டாக வந்தான். சாம்பார் ஆறியிருந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தட்டிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டீர்கள்.

சாம்பாரை அவன் வைக்கவில்லை. பள்ளத்தை அவன் தோண்டவில்லை. மழையும் அவன் பெய்யவில்லை. பெட்டியில் இருந்த சிவப்பு மணி அது. காரணம் எழுதினீர்களா? இல்லை. அவன் தரப்பைக் கேட்டீர்களா? இல்லை. அவனுக்கு மறுப்புச் சொல்ல வாய்ப்பு உண்டா? தெரியாது, யோசிக்கவும் இல்லை. உங்கள் மேனேஜர் உங்களுக்குச் செய்வதை நீங்கள் அவனுக்கு அரை நொடியில் செய்துவிட்டீர்கள். அவர் குறைந்தபட்சம் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பொய்யாவது சொன்னார்.

மேனேஜராக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் அதுவேதான். ‘எனக்கு மேலே இருந்து ப்ரஷர் சார், நான் என்ன செய்ய’ என்கிறீர்கள். புரிகிறது. உங்கள் ரேட்டிங்கும் இன்னொரு மூடிய அறையில்தான் முடிவாகிறது. ஆனால் அடுத்த முறை ‘உன் டீம்ல ஒருத்தரைக் கொடு’ என்று கேட்கும்போது, ‘என் டீமில் அப்படி யாரும் இல்லை. இல்லாதவரை எப்படிக் கொடுப்பது?’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பத்து மேனேஜரில் நான்கு பேர் அப்படிச் சொன்னால் அந்த வளைவு நிமிர்ந்துவிடும்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூட்டம் போட்டதாகக் கதை. நம் ஆபீஸில் எலிகளின் கழுத்தில்தான் மணி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மார்ச்சும் அது அடிக்கிறது. யார் கழுத்து மணி இந்த வருஷம் அதிகம் சத்தம் போடுகிறது என்று நாமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் அதை அவிழ்த்துப் போடுவோம். பூனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.